இலை மஞ்சளானா கடைக்கு ஓடாதீங்க, மண்ணைப் பாருங்க



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னாங்க. கீரை விதைக்கிறதும் கத்தரி நாத்து நடுறதும் உங்களுக்குத் தெரியாததா? அதனால மண்ணைப் பத்தி மட்டும் பேசறேன்.

எங்க குழுவில ஒரு அக்கா மூவாயிரம் ரூபாய் உள்கடன் வாங்கி, பை, விதை, தொழு உரம் எல்லாம் வாங்கித் தோட்டம் போட்டாங்க. வெண்டையும் தக்காளியும் இரண்டு மாசத்துல மஞ்சள் பூத்துப் போச்சு. கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். கடைசியில செடி காய்ஞ்சது, கடன் மட்டும் நின்னுச்சு. செடிக்கு என்ன குறைன்னு கடைசி வரைக்கும் யாரும் பார்க்கவே இல்லை.

எல்லா மஞ்சளும் ஒண்ணு இல்லை. அடி இலை முழுசா வெளுத்தா தழைச்சத்துக் குறை. அடி இலையில ஓரம் கருகினா சாம்பல் சத்துக் குறையா இருக்கலாம், உப்பாவும் இருக்கலாம். கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புச்சத்துக் குறை. நம்ம பக்கம் அதிகம் பார்க்கிறது இந்தக் கடைசி வகைதான். இதுக்குப் போய் யூரியா போட்டா என்ன ஆகும்? பசிக்கிறவனுக்குத் தண்ணி கொடுத்த கதைதான்.

இரும்பு மண்ணுல இல்லாமப் போறது இல்லை. மண்ணுல காரம் ஏறிட்டா அது கரையாது, வேர் எடுக்க முடியாது. நகை பீரோவுக்குள்ளதான் இருக்கு, சாவி இல்லை. அந்த மாதிரி. இந்தக் கார அமில நிலையைத்தான் பரிசோதனைச் சீட்டில் பி.எச். என்று போடுகிறார்கள். 7 நடு. அதுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம். காய்கறிக்கு ஆறரையில் இருந்து ஏழரை வரை நல்லது. எட்டரை தாண்டினா களர் மண்ணான்னு பார்க்கணும்.

காரம்னா என்னன்னு நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆலம் கரைக்கிறப்ப மஞ்சள் தண்ணியில துளி சுண்ணாம்பு விட்டதும் செவக்குதே, அது காரத்தோட வேலை. பத்தாவதுல லிட்மஸ் தாள்னு படிச்சதும் இதே விஷயம்தான். ஒரு பிடி மண்ணை மழைத்தண்ணியில கலக்கித் தெளிய விட்டு, தெளிந்த தண்ணியில சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுப் பாருங்க. செவப்புச் சாயல் வந்தா காரம் நல்லாவே ஏறியிருக்கு. செவக்கலைன்னா மண் சரின்னு அர்த்தம் இல்லை. இன்னொண்ணு, கலக்கின தண்ணி மறுநாள் வரைக்கும் தெளியாம சேறாவே நின்னா களரா இருக்கலாம்.

களர் வேற, உவர் வேற. மேல் மண்ணுல வெள்ளையா பூத்து நிக்கிறது உப்பு, அது உவர். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடல் சேருது, கோடையில ஓதத் தண்ணி ஆத்துல மேலே ஏறுது. ஆத்தோரக் கிணறு, போர் தண்ணி எப்படி இருக்கும்னு உங்க நாக்குக்கே தெரியும். அந்தத் தண்ணியைத் தினம் ஊத்தினா பையில உப்பு சேர்ந்துகிட்டே போகும். இன்னொரு கொடுமை, குடிதண்ணி மிஷின்ல இருந்து கழியிற தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கு விடறோம். அது இருக்கிற உப்பெல்லாம் சேர்ந்த தண்ணி. பாத்திரம் கழுவுங்க, வாசல் தெளிங்க, செடிக்கு வேண்டாம்.

உப்புக்கு உரம் மருந்து இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில கடலோர வயல்ல உப்பு ஏறினப்ப, வரப்பு கட்டி மழைத்தண்ணியைத் தேக்கி வடிச்சாங்க, தக்கைப்பூண்டு விதைச்சு பூக்கிறதுக்கு முன்னாடி மடக்கி உழுதாங்க. தோட்டத்துக்கும் அதேதான். பை அடியில ஓட்டை அடைக்காம இருக்கணும், ஐப்பசி மழை பை வழியா நல்லா இறங்கி வடியணும். உப்பு கொஞ்சம் இருக்கிற இடத்துல பீன்ஸ், முள்ளங்கி போட்டு ஏமாற வேண்டாம், கொத்தவரை தாங்கும்.

களருக்கு ஜிப்சம். எவ்வளவுன்னு பரிசோதனைச் சீட்டு சொல்லும். மழைக்கு முன்னாடி போட்டுக் கலந்து, தண்ணி கட்டி வடிக்கணும். வடியலைன்னா போட்டதும் வீண். ஜிப்சமும் சுண்ணாம்பும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. போன்ல கேரளா, நீலகிரி வீடியோ பார்த்துட்டு மண்ணுக்குச் சுண்ணாம்பு போடறவங்க இருக்காங்க. அங்கே புளிப்பு மண், அவங்களுக்கு அது சரி. நம்ம கார மண்ணுல சுண்ணாம்பு போட்டா இன்னும் பூட்டும். அடுப்புச் சாம்பலும் காரம்தான், கூடை கூடையா கொட்ட வேண்டாம்.

இப்ப செடி வெளுத்து நிக்குது, உடனே என்ன செய்யன்னு கேட்பீங்க. ஒரு லிட்டர் நல்ல தண்ணியில 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைச்சு, சாயங்காலம் இலையில தெளிங்க. பத்து நாள் இடைவெளியில மூணு தடவை. அன்னைக்குக் கரைச்சதை அன்னைக்கே தெளிச்சிடணும், பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும். புதுக் கொழுந்து பச்சையா வரும், பழைய இலை திரும்பாது. இது தற்காலிகம்தான். மக்கின எருவும் நல்ல தண்ணியும்தான் மண்ணை மாத்தும், அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும்.

மண் எடுக்கிற முறை: மேல் குப்பையை ஒதுக்கி, அரை அடி ஆழத்துக்கு ‘வி’ மாதிரி வெட்டி, பக்கத்துல இருந்து சீவி எடுக்கணும். ஏழெட்டு இடத்துல எடுத்து பிளாஸ்டிக் வாளியில கலந்து, நிழல்ல காய வைச்சு, அரைக் கிலோ போதும். எருக்குழி ஓரம், மரத்தடி, வாய்க்கால் ஓரம் வேண்டாம். தண்ணியும் அரை லிட்டர் பாட்டில்ல தனியா, மோட்டார் கால் மணி நேரம் ஓடின பிறகு பிடிச்சது. கடலூர்ல மண் பரிசோதனை நிலையம் இருக்கு.

நான் சொல்றது சில பேருக்குப் பிடிக்காது. தோட்டத்துக்கு உள்கடன் கேட்டு வர்ற மனுவோட இனிமே மண் சீட்டும் தண்ணிச் சீட்டும் வைக்கச் சொல்லணும். விதைக்கு, பைக்குக் கடன் கொடுக்கிற நாம இதுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒவ்வொருத்தரா கடலூர் போனா பஸ் காசே அதிகம். குழுவுக்கு நாலு பேர் மண்ணும் பாட்டிலும் பேர் எழுதி எங்க வீட்டுல கொண்டு வந்து வைங்க. பங்குனிக்குள்ள சேர்ந்துட்டா ஒரே வண்டியில நானே எடுத்துட்டுப் போறேன். சீட்டு வந்ததும் அடுத்த கூட்டத்துல உட்கார்ந்து படிப்போம்.