உடம்பின் கணக்கு
(பாலிக் புலாவில் ஆற்றிய உரை)



2020-இல் கோவிட் பரவலைக் கண்காணிக்க அரசாங்கம் மைசெஜாத்ரா செயலியைக் கொணர்ந்தது. 2022 மே மாதத்தில் நுழைவுப் பதிவுக் கட்டாயம் நீங்கியதும் பலர் அதனை அழித்துவிட்டனர். அது சரியன்று, தடுப்பூசிக் குறிப்பும் கிளினிக் முன்பதிவும் அதில் உள்ளன.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உண்டு. நோயிருப்பதை அறியாதோரே இவர்களுள் பலர். தலைசுற்றல் வரட்டும் என்று காத்திருத்தல் ஆபத்து.

மரம் சீவி வந்த களைப்பிலேயே அழுத்தத்தை அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்ந்தபின், நாள்தோறும் ஒரே வேளையில் அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். செயலி கைவராத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகமே போதும்! வீட்டில் அளக்கையில் 135/85-க்கு மேல் தொடர்ந்து நின்றால், அக்குறிப்புடன் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.