தொட்டால் தொற்றாத நோய்



ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் சில விடியல்களில் புல்நுனிகளில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். அக்குளிரில் நலமான தோலே வறண்டு வெடிக்கும். சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படை உள்ளவர்க்கோ முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் செந்நிறத் தடிப்பும், வெள்ளி போன்ற செதிலும் மிகுந்து தோன்றும்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்கு இந்நோய் கண்டால், பீலிக்கரையில் மற்றவர் சற்றே விலகி நிற்பதுண்டு. விலகுவதற்குக் காரணமே இல்லை. இது கிருமியால் வருவதன்று; தொட்டாலும் ஒரே பாத்திரத்தில் உண்டாலும் தொற்றாது. உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்வதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல், சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாகக் குவிகின்றது. முற்காலத்தில் இதனைக் குட்டநோயோடு சேர்த்து மயங்கினர். 1841 இல் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இரண்டையும் பிரித்துக் காட்டினார். 2014 இல் உலக சுகாதார சபையும் இது தொற்றா நோயே என்று தீர்மானத்தில் குறித்தது.

இதனை முற்றாக நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அடக்கி வைக்க வழிகள் பல உண்டு. கொதிக்கும் நீரைத் தவிர்த்து, இளஞ்சூட்டு நீரில் விரைவாகக் குளித்தல் நலம். ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெய் பூசுதல் வேண்டும். மூடுபனி விலகிய வேளையில் சிறிது நேரம் இளவெயில் படுதல் நன்று. தோல் கன்றும் வரை நிற்றலாகாது. கீறிய இடத்திலும் இந்நோய் முளைக்குமாதலால், கவ்வாத்து வெட்டிய கிளைகள் உராயாதபடி கைகால்களை மூடிக்கொள்ள வேண்டும். புகையும் மதுவும் நோயை வளர்ப்பன. தொண்டை அழற்சியை உடனே கவனித்தல் வேண்டும்.

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயிலிட்டு வெயிலில் வைத்தெடுக்கும் தைலத்தைச் சித்த வைத்தியர் வழங்குவர். அரிப்பு அதனால் தணியலாம். ஆயின், அடியோடு நீக்கித் தருவேன் என்பாரை நம்பலாகாது. டாக்டர் கொடுத்த மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. மூட்டுகள் வீங்கி, காலையில் விறைத்து நோகுமாயின் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

மனக்கவலையும் இந்நோயைத் தூண்டுவதே. ஆதலின், விலகி நிற்கும் அயலார் அறியாமலே நோயை வளர்க்கின்றனர். பீலிக்கரையில் அப்பெண்ணுக்கு அருகில் இடம் கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.