பாதம் பேணும் நாதம்

அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசைப் பாடல்களை வானொலியிற் செவிமடுக்கும் நேயர்கள், பாடகர் ஓரடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் வேளையில், பின்னணியிலிருந்து விம்மி எழுந்து மெல்லக் கரையும் ஓர் ஓசையைக் கேட்டிருப்பர். வயலினோ என்று ஐயுறத் தோன்றும். ஆனால் அது வில்லால் இழைக்கப்படுவதன்று. விரலால் மீட்டப்படும் தந்தியின் ஒலியே. அதனைத் தரும் கருவி பெடல் ஸ்டீல் கிற்றார். மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும் தந்தியொலி, தேயாமல் நின்று விம்முவது எங்ஙனம்? அதற்கு விடை, வாசிப்பவரின் வலது பாதத்தின் கீழே இருக்கிறது.

உருக்குத் துண்டொன்றைத் தந்திமீது நகர்த்தி வாசிக்கும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளிலே வளர்ந்தது. ஜோசப் கெகுகு என்பவர் அதன் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். கோட்டுவாத்தியத்தில் கட்டையொன்று தந்திமேல் வழுக்கிச் செல்வதைக் கண்ட தமிழர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அமெரிக்கர் அக்கருவிக்கு மின்னாற்றலைச் சேர்த்தனர். பின்னர் சுருதியை ஏற்றியிறக்கும் மிதிகளையும் சேர்த்தனர். 1954ஆம் ஆண்டில் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ‘ஸ்லோலி’ என்னும் பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்திச் சுருதியை வளைத்துக் காட்டினார் பட் ஐசாக்ஸ். அதன்பின் கலைஞர் பலர் அவ்வழியைப் பின்பற்றினர்.

இக்கருவியை வாசிப்பவருக்கு ஓய்வுள்ள உறுப்பே இல்லை எனலாம். இடக்கை உருக்குத் துண்டை நகர்த்தும், வலக்கை மீட்டும், இடப்பாதம் சுருதி மிதிகளை அழுத்தும், முழந்தாள்கள் பக்கத்து நெம்புகோல்களைத் தள்ளும். வலப்பாதம் ஒலியளவு மிதியை ஆளும். மீட்டும்போது மிதி ஓரளவே திறந்திருக்கும். ஒலி தேயத் தேயப் பாதம் சிறிது சிறிதாக அழுந்தி, குறைந்ததை ஈடுசெய்யும். ஆகவே இம்மிதி வெறும் துணைப்பொருளன்று. கருவியின் மூச்சே அதுதான்.

கிற்றாருக்கே பெருந்தொகை செலவிட்ட மாணவனொருவன், எஞ்சிய சிறு பணத்தோடு மிதி தேடிக் கடைக்குச் செல்கிறான். மலிவானது ஏதோ அதனை வாங்கிவருகிறான். ஒலி திடீரெனப் பாய்கிறது, கரகரக்கிறது, மங்குகிறது. குறை மிதியினது என்றறியாமல், தன் கைக்கு இசை வாய்க்கவில்லை என்றெண்ணி அவன் கருவியையே மூடிவைத்துவிடுதல் கூடும். அப்போது வீணானது மிதியின் விலை மட்டுமா?

மிதியினுள் நோக்கவேண்டிய முதற்பொருள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுந்தடை. இதனைக் கலைஞர் ‘பொட்’ என்பர். மின்கலமின்றி இயங்கும் சாதாரண ஒலிவாங்கியுடைய ஸ்டீல் கிற்றாருக்கு 5 இலட்சம் ஓம் அளவுள்ள தடையே வழக்கமாகப் பொருத்தப்படுகிறது. தடை மிகச் சிறிதாயின் ஒலியின் கூர்மை மழுங்கும். எர்னி போல் நிறுவனத்தின் சிறிய மிதி, ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் 250,000 ஓம், 25,000 ஓம் என இருவகையாக வந்துள்ளது. பின்னது மின்சுற்றுடைய கருவிகளுக்கு உரியது. விலையும் வடிவும் கண்டு மயங்கி அதனை வாங்குவோர் ஏமாறுவர். மின்னிசைப் பலகைகளுக்கான கட்டளை மிதிகளும் இதற்குப் பயன்படா.

தடையின் போக்கும் முக்கியமானது. மனிதச் செவி ஒலியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஆதலால் செவியின் இயல்புக்கேற்பப் படிப்படியாக மாறும் தடையே வேண்டும். அவ்வாறன்றேல் மிதியின் ஒரு முனையில் ஒலி பாய்ந்துவிடும். எஞ்சிய தூரம் அழுத்தியும் பயனிராது.

மூன்றாவது, உயரம். சாதாரண கிற்றார்க்காரர் நின்றுகொண்டு மிதிப்பர். ஸ்டீல் வாசிப்பவரோ அமர்ந்து, கருவியின் அடியிலே பாதத்தை வைத்திருப்பர். உயர்ந்த மிதியில் பாதம் ஏறினால் முழந்தாளும் ஏறி, நெம்புகோல்களின் வழியை மறிக்கும். நெட்டையானவர்க்குத் தாழ்ந்த மிதியே ஏற்றது. அமர்ந்து பாராமல் வாங்குதல், அளவு பாராமற் செருப்பு வாங்குவதையொக்கும்.

பழைய மிதி வாங்குவது இழிவன்று. பலமுறை அதுவே சிக்கனம். ஆயின் சோதித்தல் வேண்டும். ஒலிபெருக்கியுடன் இணைத்து, மெல்ல முழுத்தூரமும் மிதித்துப் பார்க்கவேண்டும். கரகரப்பு எழுமாயின் தடை தேய்ந்துள்ளது அல்லது அழுக்கடைந்துள்ளது. மேலே விட்டால் ஒலி முற்றும் அடங்கவேண்டும். பலகை பக்கவாட்டில் ஆடலாகாது. பல மிதிகளில் ஒரு சிறு கயிறே தடையைச் சுழற்றுகிறது; அது அறுவது இயல்பு. கயிறும் தடையும் மாற்றத்தக்கனவாயின் அஞ்சவேண்டியதில்லை. அடிமூடியைத் திறக்கவே முடியாத மிதி எத்துணை மலிவாயினும், பழுதுற்ற அன்றே குப்பைக்குரியது.

தடையே இல்லாமல் ஒளிக்கற்றையால் ஒலியை ஆளும் மிதிகளும் உள. உராய்வு இல்லாமையால் அவற்றில் அத்தகைய தேய்மானமில்லை. எனினும் அவற்றின் விலை கூடுதல். தனி மின்சாரமும் வேண்டும். கற்கத் தொடங்குபவருக்கு அவை இன்றியமையாதன அல்ல. உரிய தடையும், உறுதியான உலோக உடலும், பாதத்திற்கேற்ற உயரமும், பழுதுபார்க்கும் வாய்ப்பும் அமைந்த எளிய மிதியே போதும்.

குறைந்த விலை ஒன்று. குறைந்த செலவு மற்றொன்று. கடையிற் கொடுக்கும் காசை மட்டும் எண்ணுபவர் முன்னதைக் காண்பர். பத்தாண்டு வாசிப்பை எண்ணுபவர் பின்னதைக் காண்பர். அவ்வாறு தேர்ந்தெடுத்த மிதியின்மேல் பாதம் பழகியபின், அவ்விளங்கலைஞன் மீட்டும் தந்தி தேய்ந்து மறையாது, விம்மி நிற்கும். கேட்போர் மிதியை நினையார், பாட்டையே நினைப்பர். நல்ல கருவிக்கு அதனினும் மேலான சான்று வேறில்லை.