எல்லையில் நின்ற பாதை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாறசாலை, நெய்யாற்றங்கரை ஆகிய நம் எல்லையூர்களுக்கு இருப்புப் பாதை வந்த கதையைச் சிறிது எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில், 1904இல், செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை திறக்கப்பெற்றது. 1918இல் அது திருவனந்தபுரத்துச் சாக்கையை எட்டியது. 1931இல் தம்பானூரை அடைந்து, அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே சில கல் தொலைவிலிருந்த நெய்யாற்றங்கரைக்கு வண்டியில்லை.

நீர்வழியோ அதற்கும் முந்தியது. பூவாற்றையும் குமரியையும் இணைக்க 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்ட வர்மா கால்வாய் இடைவழியிலேயே நின்றது. அதனைக் குமரி வரை கொண்டு செல்வாரில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் அமைந்தது. உறவினர் கோட்டின் இருபுறத்தவராயினர். 48 ஆண்டுகள் நின்ற இரயில் பாதை, 1979இல் பாறசாலை வழியே கன்னியாகுமரிக்கு நீண்டது. கோடு பிரித்த ஊர்களை வண்டி இணைத்தது. நெய்யாற்றங்கரை வட்டத்து விழிஞ்சத்திலும் 2025இல் பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது.

அன்பர்களே! பின்வந்தோர் கைகொடுத்த பாதை நீண்டது; கைவிட்ட கால்வாய் நின்றது. அயலூரில் நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பணியும் இத்தகையதே. பெற்றோர் தொடங்கியதைப் பிள்ளைகள் தொடரச் செய்வோமாக.