ஒரு வினா, மூன்று துறைகள்



மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் முறையை ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று சிங்கப்பூரிலும் இப்படிப்பு உண்டு. “மூன்றிலும் நுனிப்புல் மேய்வதைவிட ஒன்றை ஆழக் கற்கலாகாதா?” எனப் பெற்றோர் வினவுவது இயல்பே. அதற்கு விடையாக ஒரு வரலாற்று நிகழ்வை முன்வைக்க விரும்புகிறேன்.

1943ஆம் ஆண்டு வங்காளத்தில் ஏற்பட்ட பஞ்சத்தில் ஏறத்தாழ இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர். உணவுப் பற்றாக்குறையே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1981இல் வெளிவந்த தம் நூலில் அமர்த்தியா சென் அக்கருத்தை மறுத்தார். பஞ்சமே இல்லாத 1941ஆம் ஆண்டைவிட 1943இல் உணவு இருப்பு மிகுதியாகவே இருந்தது என்பது அவருடைய கணக்கு. போர்க்காலச் செலவினால் அரிசி விலை ஏறியது. உழவுக் கூலிகள், மீனவர் ஆகியோரின் வருவாய் அதற்கு ஈடாக உயரவில்லை. இது பொருளியல் தரும் விளக்கம்.

ஆனால், ஆட்சியாளர் ஏன் விரைந்து செயற்படவில்லை? அன்றைய குடியேற்ற அரசு வங்க மக்களின் வாக்குக்குக் கட்டுப்பட்டதன்று. செய்தித்தாள்களும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. இது அரசியல் தரும் விளக்கம். கடையில் அரிசி இருக்க, வாங்க இயலாதவன் வாசலில் மடிகிறான், எச்சட்டமும் மீறப்படவில்லை. அத்தகைய உடைமை உரிமை அறமாகுமா? இதனைக் கேட்பது மெய்யியல். இம்மூன்றுள் ஒன்றை விலக்கினாலும் அப்பஞ்சத்தை நாம் முழுமையாக அறிந்தவராக மாட்டோம்.

நமக்கு இவ்விணைப்பு அயலானதன்று. அறத்துப்பாலை முன்வைத்த திருக்குறள், இறைமாட்சி, பொருள்செயல்வகை, நல்குரவு ஆகிய அதிகாரங்களைப் பொருட்பால் என்னும் ஒரே பாலில் அடக்குகிறது. ஆட்சியும் செல்வமும் வறுமையும் அங்கே ஒருங்கே ஆராயப்படுகின்றன.

எனினும், இப்பட்டம் மட்டுமே ஒருவரை நல்ல ஆட்சியாளர் ஆக்கிவிடாது. ஆக்ஸ்ஃபர்டில் இதனைப் பயின்ற லிஸ் டிரஸ், 2022இல் பிரிட்டனின் பிரதமரானார். அவரது அரசின் வரிக்குறைப்புத் திட்டம் நிதிச் சந்தையைக் கலங்கச் செய்தது. ஐம்பது நாள் நிறைவதற்குள் அவர் பதவி நீங்கினார். பலதுறை அறிவு, எல்லாம் அறிந்துவிட்டோம் என்ற மயக்கத்தையும் தரக்கூடும். ஆதலால் மூன்றையும் கற்பவர், புள்ளியியலையும் தருக்கத்தையும் பழுதறக் கற்று, ஒரு துறையிலேனும் ஆழம் காண வேண்டும்.

மாணவர்களே, குறைந்த வருமான ஊழியரின் ஊதியம், வீட்டு விலை, முதியோரின் மருத்துவச் செலவு ஆகியவை நாளை உங்கள் முன் வந்து நிற்கும். என்ன செலவாகும், யார் முடிவெடுப்பது, எது நியாயம் என மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்பவர் நம் சமூகத்துக்குத் தேவை. அவ்வினாக்களைத் தமிழிலும் கேட்கப் பழகுங்கள்.