மலையைக் கடந்த சாலை, ஆற்றைக் கடந்த பாலம்

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாலையும் பாலமும். சாலையின் அருமையைத் தோட்டத்தில் வாழ்வோருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் செம்மண் சாலை சேறாகிவிட்டால் பள்ளிப் பேருந்து உள்ளே வருவதில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. வெட்டிக் குவித்த செம்பனைக் குலைகள் ஆலைக்குப் போகாமல் சாலையோரத்திலேயே கிடக்கின்றன. ஒரு தோட்டத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு நாட்டுக்கும் பொருந்தும்.

நம் தீபகற்பத்தின் வடபகுதியில் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் பற்றியும், அதனோடு தொடர்புடைய பாலங்களைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். இச்சாலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பேராக்கிலும் கெடாவிலும் பினாங்கிலும் தோட்டக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்கல்வி நாடிக் கிளந்தானுக்குச் செல்கிறார்கள். குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகமும், ஜெலியில் மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்தின் வளாகமும் உள்ளன. அங்கே செல்லும் பிள்ளைகளில் பலர் இம்மலைச் சாலையைக் கடந்தே செல்கிறார்கள். ஆகவே இது தொலைவில் உள்ள யாரோ ஒருவருடைய சாலையன்று, நம்முடைய சாலையுமாகும்.

சாலை இல்லாத காலம்

இந்நெடுஞ்சாலை திறக்கப்படுவதற்கு முன், பினாங்கிலோ ஈப்போவிலோ இருந்து கோத்தா பாருவுக்குப் போக விரும்பியவர் என்ன செய்தார்? காரில் சென்றால் முதலில் தெற்கே கோலாலம்பூருக்கு வரவேண்டும். பின்னர் மலைத்தொடரைக் கடந்து குவாந்தானை அடைந்து, கடற்கரையோரமாக மீண்டும் வடக்கே ஏறவேண்டும். இரயிலில் சென்றால் நெகிரி செம்பிலானின் கிம்மாஸ் வரை இறங்கி, அங்கே வண்டி மாறித் தும்பாட் நோக்கிப் போகவேண்டும். இவை இரண்டும் வேண்டாமெனில், கடப்பிதழை எடுத்துக்கொண்டு தென் தாய்லாந்தின் வழியாகச் சுற்றிவர வேண்டும். வரைபடத்தில் அண்டை மாநிலங்களாக இருந்த பேராக்கும் கிளந்தானும் வாழ்க்கையில் அண்டையாக இருக்கவில்லை. இடையே தித்திவங்சா மலைத்தொடர் நின்றது.

காவலோடு எழுந்த சாலை

1970-ஆம் ஆண்டில் பேராக்கின் கிரிக் நகருக்கும் கிளந்தானின் ஜெலிக்கும் இடையே, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலை அமைக்கும் பணி தொடங்கியது. அடர்ந்த காடு, செங்குத்தான சரிவு, ஓயாத மழை ஆகிய மூன்றும் போதாவென்று நான்காவதாக ஓர் இடரும் இருந்தது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய அக்காடுகளில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் இயங்கி வந்தனர். 1974-ஆம் ஆண்டில் அவர்கள் கட்டுமான இடத்தைத் தாக்கி, மண்வாரி இயந்திரங்களை அழித்தனர். அதன்பின்னும் பணி நிற்கவில்லை. பொதுப்பணித் துறையினர் ஒருபுறம் மலையை வெட்ட, இராணுவத்தினர் மறுபுறம் காவல் நின்றனர். அக்காவலில் உயிர் துறந்த வீரர்களும் உண்டு.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயனாக 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சாலை திறக்கப்பட்டது. எனினும் தொடக்கக் காலத்தில் பகலில் மட்டுமே வண்டிகள் அனுமதிக்கப்பட்டன. இரவில் சாலை மூடப்பட்டது. 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஹட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகே அக்காட்டில் துப்பாக்கி ஓசை ஓய்ந்தது. இன்று அது கூட்டரசுச் சாலை எண் 4-இன் ஒரு பகுதி. மலைமுகட்டில் 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சாலை மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது.

ஆறு ஏரியான இடம்

கிரிக்கிலிருந்து கிழக்கே செல்வோர் காணும் பெருங்காட்சி பண்டிங் தீவும் அதன் இருபுறத்துப் பாலங்களும் ஆகும். பலர் அதை இயற்கையான ஏரி என்றே எண்ணுவர். உண்மையில் அது நம் பேராக் ஆறே. 1970-களில் அவ்வாற்றின் குறுக்கே தெமெங்கோர் அணை கட்டப்பட்டது. 127 மீட்டர் உயரமுள்ள அவ்வணையின் பின்னே நீர் தேங்கி, பள்ளத்தாக்கை நிரப்பி, தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரியாயிற்று. உயர்ந்த நிலங்கள் தீவுகளாயின. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்கள் பழைய குடியிருப்புகளை விட்டு இடம்பெயர நேர்ந்தது. நாம் பாலத்தில் சுகமாகக் கடக்கும் அந்நீரின் அடியில் ஒரு காலத்துக் காடும் வீடும் வழியும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

அணையில் பிறக்கும் மின்சாரம் நாட்டுக்குப் போகிறது. அணையைத் தாண்டிய நீரோ கோலகங்சாரைக் கடந்து கீழ்ப் பேராக்கின் தோட்டங்களுக்கிடையே பாய்ந்து கடலை அடைகிறது. மேலே பாலம் கடக்கும் நீரும், கீழே நம்மவர் தூண்டில் போடும் நீரும் ஒன்றே.

கிளந்தான் ஆற்றின் மீது

மலையைக் கடந்துவிட்டால் மட்டும் போதாது. கோத்தா பாருவை அடையக் கிளந்தான் ஆற்றையும் கடக்க வேண்டும். அவ்வாற்றின் மீது 1925-ஆம் ஆண்டிலேயே கில்லமார்ட் இரயில் பாலம் அமைந்தது. 1941-இல் ஜப்பானியப் படை முன்னேறியபோது பின்வாங்கிய பிரிட்டிஷார் அதைத் தகர்த்தனர். போருக்குப் பின் அது சீர்செய்யப்பட்டது. கோத்தா பாருவில் சாலைப் போக்குவரத்துக்கென்று சுல்தான் யாஹ்யா பெட்ரா பாலம் 1965-இல் திறக்கப்பட்டது. அதுவரை ஆற்றைக் கடக்கப் படகையே நம்பியிருந்த நகருக்கு அது ஒரு புதுவாழ்வு. ஆனால் மக்கள் பெருகினர், வண்டிகள் பெருகின, காலையும் மாலையும் பாலத்தின் இருபுறமும் வண்டிகள் வரிசையாய் நின்றன. ஆகவே பழைய பாலத்தின் அருகே இரண்டாவது பாலமும் கட்டப்பட்டது.

இங்கே ஒரு கருத்தை நினைவில் கொள்ளுங்கள். ஒரு பாலம் பழுதடைந்தால்தான் புதிய பாலம் தேவை என்பதில்லை. ஒரு பாலம் தன் பணியை நன்றாகச் செய்தாலும் புதிய பாலம் தேவைப்படும். ஏனெனில் அதை நம்பி ஊர் வளர்ந்துவிடுகிறது.

நீரே முதற் பகைவன்

சாலையையும் பாலத்தையும் கெடுப்பது எது? வண்டியின் பாரமே என்று பலர் விடை கூறுவர். பாரமும் ஒரு காரணந்தான். ஆனால் மலைநாட்டில் முதற் பகைவன் நீர். இதைத் தோட்டத் தொழிலாளர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? மேட்டுக்காட்டில் படிக்கட்டுப் போல நிலத்தை வெட்டி மரம் நடுவதும், வெறும் மண்ணை மூடுபயிரால் போர்த்துவதும், வடிகால் வெட்டி நீரைத் திசை திருப்புவதும் எதற்காக? மழைநீர் சரிவில் வேகம் பிடித்தால் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும் என்பதற்காக அல்லவா?

மலைச் சாலைக்கும் அதே விதி. மலையை வெட்டிச் சாலை அமைத்தால் மேலே ஒரு சரிவும் கீழே ஒரு சரிவும் உண்டாகின்றன. வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் சாலையின் அடியில் இறங்குகிறது, அடிமண் குழைகிறது, மேலே தார் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்போதே கீழே சாலை உட்காரத் தொடங்குகிறது. ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மண்சரிவும் தரையிறக்கமும் நேர்வது இதனாலேயே. வடிகாலைத் துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவர் புதுச் சாலை போடும் இயந்திரத்துக்கு இணையானவர் என்று நாம் கூறினால் அது மிகையன்று.

பாலத்தின் கதையும் இதுவே. தோட்டத்து வடிகாலின் மேல் போட்ட கட்டைப் பாலம் எப்படிப் போகிறது? பெரும்பாலும் கட்டை முறிவதில்லை. கட்டை தாங்கி நிற்கும் கரைமண்ணை வெள்ளம் அரித்துவிடுகிறது. பிடிமானம் இழந்த கட்டை மிதந்து போகிறது. பெரிய ஆற்றுப் பாலத்திலும் வெள்ளம் தூண்களின் அடியைச் சுழன்று அரிக்கிறது. அதனால்தான் தூண்களின் அடித்தளத்தை ஆற்றுமணலைக் கடந்து ஆழத்தில் உறுதியான நிலம்வரை இறக்குகிறார்கள். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானைத் தாக்கிய பெருவெள்ளம் கெமுபு இரயில் பாலத்தையே அடித்துச் சென்றது. இரும்பும் கல்லும் ஆயினும், ஆற்றைக் குறைத்து மதிப்பிட்டால் நிலைக்காது என்பதற்கு அது சான்று.

2025 தந்த பாடம்

இனி நாம் கூறப்போவது மனத்தை வருத்தும் செய்தி. ஆயினும் கூறாமல் இருக்கலாகாது.

2025-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், கிரிக் அருகே இச்சாலையில் யானைக்கன்று ஒன்று லாரியில் மோதி அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை அவ்விடத்தை விட்டு அகலாமல் லாரியை முட்டி நின்ற காட்சியை நாட்டு மக்கள் கண்டு கலங்கினர். யானைகள் நம் சாலைக்கு வரவில்லை. நாம்தான் அவற்றின் காட்டின் நடுவே சாலை போட்டோம். எச்சரிக்கைப் பலகைகளும், அவை அடியில் கடந்து செல்ல உதவும் மேம்பாலமும் இதற்காகவே.

ஒரு மாதம் கழிவதற்குள், ஜூன் 9-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், இச்சாலையில் பண்டிங் ஏரியை அடுத்த பகுதியில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து, திரங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அப்பல்கலைக்கழகம் நம் நாட்டின் ஆசிரியர்களை உருவாக்கும் பழம்பெரும் கலைக்கூடம். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு அச்செய்தி சொந்த வீட்டு இழப்பாகவே இருந்தது. விபத்தை ஆராய்ந்த சிறப்புப் பணிக்குழு, பேருந்தின் மிகையான வேகத்தைச் சுட்டிக் காட்டியதோடு, சாலையோரத் தடுப்பு வேலியின் நிலையையும் சுட்டிக் காட்டியது. குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பதே இதன் பொருள்.

சாலை நன்றாக இருந்தால் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் சிறு குறையும் பெருங்கேடாகிறது. ஆகவே சாலையை அகலப்படுத்துவது மட்டும் மேம்பாடு ஆகாது. விளக்கு, தடுப்பு வேலி, வடிகால், எச்சரிக்கைப் பலகை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மேம்பாடு.

நமது கடமை

இவற்றை அமைப்பதும் பேணுவதும் அரசாங்கத்தின் கடமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. குழியோ, சாய்ந்த வேலியோ, எரியாத விளக்கோ கண்டால் முறையீடு செய்வது குடிமக்களின் உரிமை. பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் என்னும் கைப்பேசிச் செயலி வாயிலாகவும் அதைச் செய்யலாம். தோட்டத்து இளைஞர்கள் பெரியவர்களுக்கு இதில் துணைபுரிய வேண்டும்.

அதே வேளையில் நாம் செய்ய வேண்டியனவும் சில உண்டு. கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடி வாடகைப் பேருந்து எடுப்பது வழக்கம். அவ்வேளையில் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நெடும்பயணமாயின் மாற்று ஓட்டுநர் உண்டா, பேருந்து உரிய பரிசோதனை முடித்ததா என்றும் கேளுங்கள். மலைச் சாலையாயின் பகற்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் இருக்கைப் பட்டை பொருத்தப்பட்டிருந்தால் பயணிகள் அதை அணிய வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது. கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அபராதத்துக்கு அஞ்சி அன்று, வீட்டில் காத்திருப்போரை எண்ணிப் பட்டையை அணியுங்கள். பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையை வழியனுப்பும் தாய்மார்கள் பலகாரப் பொட்டலத்தோடு இந்த ஒரு சொல்லையும் கொடுத்தனுப்புங்கள்.

பெருமக்களே, ஒரு சாலை திறப்பு விழாவோடு முடிந்துவிடுவதில்லை. பட்டு நாடா வெட்டப்படும் நாள் அதன் பிறந்த நாள் மட்டுமே. அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அது ஈடுகொடுத்தாக வேண்டும். வடிகாலைத் துப்புரவு செய்பவரும், வேலியை முடுக்குபவரும், நிதானமாக வண்டி ஓட்டுபவரும் சேர்ந்து நாள்தோறும் அச்சாலையைக் கட்டி வருகிறார்கள். உயிர் கொடுத்து அமைக்கப்பட்ட சாலை உயிர் வாங்கும் சாலையாக ஆகிவிடலாகாது. அதைக் காப்பதில் அரசாங்கத்தின் பங்கை அரசாங்கம் செய்க. நம் பங்கை நாம் செய்வோம்.