மலைவழி மரப்பாலம்

பெருமான் இன்று விடைமேல் எழுந்தருளுமுன், அடியேன் கண்ட மரப்பாலம் ஒன்றைப் பற்றிச் சிறிது சொல்லுகிறேன்.

2009ஆம் ஆண்டு புரட்டாசியில் அன்பர் எழுவருடன் கங்கோத்ரி யாத்திரை சென்றோம். உத்தரகாசியைக் கடந்ததும், ஒரு சிற்றூர்ச் சிவாலயத்தைத் தரிசிக்கும் ஆவலால் பெருவழியை விட்டு மலைப்பாதையில் ஜீப்பைத் திருப்பச் சொன்னோம். சொன்னவன் அடியேனே. சற்றுத் தொலைவில் ஆழ்ந்த ஓடை குறுக்கிட்டது. இரு கரையிலும் கல்லடுக்கு, அவற்றின்மேல் கிடத்திய தேவதாரு மரங்கள், குறுக்கே பலகைகள், சக்கரம் உருள நீளவாக்கில் இரு வரிசைப் பலகை. கைப்பிடி கிடையாது. தேவதாரு எண்ணெய்ப்பசை மிக்க மரம், எளிதில் உளுக்காது. ஆனால் மேற்பலகைகளை மழையும் பனியும் விட்டுவைப்பதில்லை.

சாரதி இளைஞன். எங்கள் அனைவரையும் இறக்கி நடந்து கடக்கச் சொன்னான். முழங்கால் நோயால் நடக்கவியலாத அம்மையார் ஒருவர், "நான் வண்டியிலேயே இருக்கிறேனப்பா" என்றார். அவன் இசையவில்லை. "மாதாஜி" என்று குனிந்து அவரை முதுகில் சுமந்து அக்கரை சேர்த்தான். பிறகு திரும்பி வந்து, பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தபின், வண்டியில் ஏறினான். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, முதல் கியரில், இடையே நிறுத்தாமல் ஊர்ந்து வந்தான். பலகைகள் கடகடவென்று எழுந்து அமர்ந்தன.

அந்நாட்டில் பழஞ்செய்தி ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹர்சிலில் வாழ்ந்த பிரெடெரிக் வில்சன் என்னும் ஆங்கிலேயர், தேவதாரு மரங்களை வெட்டி, இருப்புப்பாதைக் கட்டைகளுக்காக ஆற்றில் மிதக்கவிட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். பைரோன்காட்டியருகே ஜாட் கங்கையின்மேல் அவர் தொங்குபாலம் அமைத்தபோது மக்கள் ஏற அஞ்சினராம். அவரே குதிரையேறி அதன்மேல் போய்ப்போய் வந்து காட்டினாராம். காட்டை அழித்தவர் என்னும் பழி அவருக்குண்டு, அது பொய்யன்று. ஆயினும் தாம் கட்டிய பாலத்தில் தாமே முதலில் ஏறினார்.

பிறவிக்கடலைக் கடப்பது குறித்து இருபது ஆண்டுகள் மேடையில் முழங்கிய அடியேன், அன்று அவ்வோடையைக் கண்களை மூடிக்கொண்டு, ஓர் அன்பரின் தோளைப் பற்றிக் கடந்தேன். ஐந்தெழுத்தும் நாவில் முழுதாக வரவில்லை. அங்கே போகச் சொன்னவன் நான்; வண்டியோடு ஏறியவன் அவன். அது இன்றும் உறுத்துகிறது.

"பாலத்தின்மேல் என்னப்பா நினைத்தாய்?" என்று, இந்தி அறிந்த அன்பர்வழிக் கேட்டேன்.

"நினைக்க ஏது நேரம்? பலகையின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உளுத்தது வேறு மாதிரி ஒலிக்கும்" என்றான்.

அம்மையார் தம் பொதியை அவிழ்த்து, இருந்த முறுக்கு முழுவதையும் அவன் கையில் வைத்தார். திரும்பும்போதும் அதே பாலந்தான்.